காப்பாரில் ஒன்பது பேர், புத்ராஜெயாவில் ஒருவர்

தேர்தலில் தோற்ற கட்சி தெருவுக்கு வந்தால், "ஜெயிச்சிருந்தா வந்திருப்பீங்களா?" என்று கேட்க ஓர் ஆள் எப்போதும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது என் மச்சான். மலேசியாவில் அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் கிளையில் ரொம்ப காலமாகப் பொருளாளர். நாடாளுமன்றத் தேர்தலில் மோசடி என்று எதிர்க்கட்சி தெருவில் இறங்கிய 2013 மே மாதம் முழுக்க என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் அதையேதான் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. சிலாங்கூரில் அதே நாளில், அதே பள்ளிக்கூடங்களில், அதே அதிகாரிகள்தான் சட்டமன்ற வாக்குகளையும் எண்ணினார்கள். 56 இடங்களில் 44 எதிர்க்கட்சிக்கு. அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. பக்கத்துப் பெட்டி சுத்தம், நாடாளுமன்றப் பெட்டி மட்டும் களவு போனது என்றால் எப்படி?

இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்த மாதம் மேடை ஏறியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பதிலைச் சொல்லாமல் வேறு எதையெதையோ சொன்னார்கள். அந்தக் குறைதான் இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைக்கிறது.

முதலில் கணக்கு. மலேசியாவின் 13ஆவது பொதுத்தேர்தல் 2013 மே 5 அன்று நடந்தது. பதிவு பெற்ற வாக்காளர் 1 கோடியே 32 லட்சம் பேர். அவர்களில் கிட்டத்தட்ட 85 சதவீதம் வாக்களித்தார்கள். அன்வார் இப்ராஹிம் தலைமையிலான மக்கள் கூட்டணிக்கு 50.87 சதவீத வாக்கு. சுதந்திரம் அடைந்ததிலிருந்து ஆண்டுவந்த தேசிய முன்னணிக்கு 47.38. ஏறக்குறைய 3 லட்சத்து 86 ஆயிரம் வாக்கு வித்தியாசம். இடங்களோ தலைகீழ்: தேசிய முன்னணிக்கு 133, மக்கள் கூட்டணிக்கு 89. மறுநாளே இஸ்தானா நெகாரா அரண்மனையில் நஜீப் ரசாக் பிரதமராகப் பதவி ஏற்றுக்கொண்டார். முடிவு வந்த இரவே இதைச் 'சீன சுனாமி' என்று அவர் வர்ணித்திருந்தார். இரண்டு நாள் கழித்து உத்துசான் மலேசியா முதல் பக்கத்தில் 'சீனர்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்டது. சீனர்கள் மட்டும் சேர்ந்து 50.87 சதவீதம் எப்படி வரும் என்று அந்தப் பத்திரிகையில் யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மே 8 இரவு பெட்டாலிங் ஜெயாவில் கிளானா ஜெயா அரங்கத்தில் முதல் எதிர்ப்புக் கூட்டம். 'கறுப்பு 505' என்று பெயர். 505 என்றால் ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி, தேர்தல் நாள். எல்லாரும் கறுப்பில் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே கிளம்பும்போது அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மே மாசத்துல என்னடா, ஐயப்பனுக்கு மாலை போட்டுட்டியா?" என்றார். கிண்டல்தான், ஆனால் முகத்தில் பயம். அதற்கு முந்தைய வாரமே இரண்டு மூட்டை அரிசியும் சார்டின் டின்களும் வாங்கி அடுக்கிவிட்டிருந்தார். அவர் வயதுக்காரர்களுக்குத் தேர்தல், மே மாதம், எதிர்க்கட்சி ஊர்வலம் மூன்றும் சேர்ந்து வந்தால் 1969தான். அந்த வருடம் மே 10 தேர்தலில் ஆளும் கூட்டணிக்குப் பாதி வாக்குகூட வரவில்லை. எதிர்க்கட்சிகள் கோலாலம்பூரில் வெற்றி ஊர்வலம் போயின. மே 13 கலவரம். அரசுக் கணக்கிலேயே 196 பேர் செத்தார்கள். நாடாளுமன்றம் 1971 வரை திறக்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடமாக, யார் தெருவில் இறங்கப் பார்த்தாலும் 'மே 13 ஞாபகம் இருக்கா?' என்ற ஒற்றை வரி போதுமாக இருந்தது.

கிளானா ஜெயாவுக்குப் போகும் சாலையில் கார்கள் நகரவில்லை. ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆட்கள் நடந்தார்கள். கூட்டம் சட்டவிரோதம் என்று போலீஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தது. அன்று யாரையும் தடுக்கவில்லை. வுவுசேலா ஊதுகுழலை ஊதி ஊதிக் காது அடைத்தது. "ஊபா!" (மாற்று), "ரிஃபோர்மாசி!" (சீர்திருத்தம்), "ஹிடுப் ரக்யாட்!" (மக்கள் வாழ்க). சீனப் பிள்ளைகள், மலாய்க் குடும்பங்கள், கிள்ளானிலிருந்து வேன் பிடித்து வந்த நம்மவர்கள். அப்படி ஒரு கலவையை அதற்கு முன் நான் கால்பந்து மைதானத்தில்கூடப் பார்த்ததில்லை. பிறகு பினாங்கு, ஈப்போ, ஜொகூர் என்று ஊர் ஊராகப் போய், ஜூன் 22 அன்று கோலாலம்பூர் பாடாங் மெர்போக்கில் முடிந்தது.

மேடையில் பேசியவர்கள் அதிகம் சொன்ன கதைகள் இரண்டு. எண்ணிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. விமானம் விமானமாக வங்காளதேசிகளைக் கொண்டுவந்து இறக்கி ஓட்டுப் போடவைத்தார்கள் என்பது இன்னொன்று.

முதல் கதையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நேரடியாகத் தெரியும். தேர்தல் அன்று நான் காப்பார் தொகுதியில் மேரு பக்கம் ஒரு பள்ளியில் வாக்கு எண்ணும் முகவர். தேர்தலுக்கு முன்பு வார இறுதிகளில் தன்னார்வலர்கள் வகுப்பு எடுத்திருந்தார்கள். அப்படி ஒரு வேலை இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நம் ஊர் முறையில் பெட்டிகள் எங்கோ தூரத்துக்குப் போவதில்லை. மாலை 5 மணிக்கு வாக்களிப்பு முடிந்ததும் அதே வகுப்பறையில் மேசையை ஒன்றுசேர்த்துப் பெட்டியைக் கவிழ்ப்பார்கள். ஒவ்வொரு வகுப்பறையும் ஒரு 'சாலுரான்'. சில நூறு வாக்காளர்கள். வயது வாரியாகப் பிரித்திருப்பார்கள். முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள், கடைசி சாலுரானில் முதல்முறை வாக்களிக்கும் பிள்ளைகள். அதனால் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்து போனாலே எந்தத் தலைமுறை யாருக்குக் குத்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தைய அறை. அதிகாரி ஒவ்வொரு சீட்டாக எடுத்து விரித்துக் காட்டுவார். இரண்டு தரப்பு முகவர்களும் எட்டிப் பார்ப்போம். கோடு கட்டத்துக்கு வெளியே போயிருந்தால் வாக்குவாதம். சந்தேகச் சீட்டுகள் தனி. எதிரே உட்கார்ந்திருந்த தேசிய முன்னணி முகவர் ஒரு ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். தன் கட்சிக்கு விழுந்த ஒரு சீட்டில் வாக்காளர் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து, "இது செல்லாது, நீயே எடுத்துக்கோ" என்று அவரே தள்ளிவைத்தார். கடைசியில் போராங் 14. அந்த அறையின் மொத்தக் கணக்கும் எழுதிய ஒற்றைத் தாள். அதிகாரி கையெழுத்து, எங்கள் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். வெளியே வந்தால் பக்கத்து அறை முகவர்களும் நகலோடு நிற்கிறார்கள். மின்விசிறி ஒன்று கடகடவென்று சத்தம் போட்டது. விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

என் அறையில் நடக்கவில்லை என்பதால் எங்கும் நடக்கவில்லை என்று சொல்லவரவில்லை. பெந்தோங்கில் தேசிய முன்னணியின் சீனர் கட்சியான ம.சீ.ச.வின் லியோ தியோங் லாய் 379 வாக்கில் தப்பினார். அந்த இரவு அங்கே என்ன நடந்தது என்று எல்லார் கைப்பேசியிலும் ஒரு கதை இருந்தது. ஆனால் விளக்கை அணைத்து நாடு முழுக்க இத்தனை இடங்களைத் தூக்குவதென்றால், ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் ஆயிரக்கணக்கான போராங் 14ஐ மாற்ற வேண்டும். கையில் நகல் வைத்திருந்த முகவர்கள் எங்கே போனார்கள்? தேர்தல் மனுக்கள் நீதிமன்றத்துக்குப் போனபோது இந்தக் கதை காகிதமாக மாறவில்லை. பெரும்பாலான மனுக்கள் விசாரணைக்கே வராமல் நடைமுறைக் காரணங்களில் தள்ளுபடி ஆயின என்பதும், மனுப் போட்டவர்கள் தலையில் பெரும் செலவுத் தொகை விழுந்தது என்பதும் உண்மை. அது தனி அநியாயம்.

இரண்டாவது கதைதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அதற்குள் கொஞ்சம் உண்மை இருந்தது. அதே வருடம் ஜனவரியில்தான் கோத்தா கினாபாலுவில் அரச விசாரணை ஆணையத்தின் முன், சபா மாநிலத்தில் குடியேறிகளுக்கு, குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கொடுத்த கதையை முன்னாள் பதிவுத்துறை அதிகாரிகளே சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார்கள். வாக்காளர்களை ஏற்றிவந்த விமானங்களும் கற்பனை இல்லை. தேசிய முன்னணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் பொதுச்செயலாளர் தெங்கு அட்னானே, வாக்களிக்க ஊர் திரும்புகிறவர்களுக்காகக் கட்சியின் நண்பர்கள் ஏற்பாடு செய்தது என்று ஒப்புக்கொண்டார். (இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் வருவார்.) ஆனால் சபாவில் இருபது வருடத்துக்கு முன் நடந்தது, மேருவில் வரிசையில் நிற்பவன் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படும் உரிமையாக மாறியபோது என்ன ஆகும்?

எங்கள் பள்ளி வாசலில் ஆனது இது. கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்யும் ஒருவர், வெயிலில் கருத்த முகம், இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறார். மூன்று இளைஞர்கள் மறித்துக்கொண்டு 'நெகாராக்கூ' பாடச் சொன்னார்கள். தேசிய கீதம் தெரிந்தால் உள்ளூர் ஆள் என்று அவர்களுடைய பரீட்சை. அவர் பாடவில்லை. "எங்க தாத்தா இந்த ஊர்ல பால்மரம் வெட்டுனவருடா, ஒங்கப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி" என்று தமிழில் ஆரம்பித்து, மலாயில் நான் இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொல்லி முடித்தார். பையன்களில் ஒருவன் தமிழ்ப் பையன். அவனுக்கு அப்போதுதான் முகம் செத்தது.

நிஜமாகவே வங்காளதேசத்திலிருந்து வந்து இங்கே கட்டடம் கட்டும் ஆட்களை அன்று சில இடங்களில் மறித்து மிரட்டினார்கள். மருந்து வாங்கப் போனவன், கடைக்குப் போனவன் எல்லாரும் கள்ள ஓட்டுக்காரன். அறைக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் எத்தனை பேரோ. நூறு வருடத்துக்கு முன் கப்பலேறி வந்து, 'நீ எந்த நாட்டுக்காரன்' என்று கேட்கப்பட்டே வளர்ந்த சமூகம் நம்முடையது. எங்கள் அத்தை ஒருவர், சுதந்திரத்துக்கு முன் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் கிடையாது. கடைசிவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. (அடையாள அட்டை)தான். ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. அவரை வீட்டில் வைத்துக்கொண்டு அந்நியர்களுக்கு எதிராகக் கோஷம் போட எனக்கு வாய் வரவில்லை. கிளானா ஜெயாவில் அந்தக் கோஷம் எழுந்தபோதெல்லாம் சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள், நான் தண்ணீர் போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன்.

மையைப் பற்றி ஒரு வார்த்தை. விரலில் அழியாத மை வேண்டும் என்பது, நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பழைய கோரிக்கை. 2008 தேர்தலுக்கென்று மையை இந்தியாவிலிருந்து வாங்கிவைத்துவிட்டு, நான்கு நாள் இருக்கும்போது வேண்டாம் என்றார்கள். 2013இல்தான் முதல்முறையாக வந்தது. வந்த மை சோப்புப் போட்டால் போய்விட்டது. முன்கூட்டியே வாக்களித்த போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் சொன்னபோது, போத்தலைச் சரியாகக் குலுக்கவில்லை என்றது தேர்தல் ஆணையம். ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஷாஹிடான் காசிம் எழுந்து, மையில் ரசாயனம் எதுவும் இல்லை, உணவுக்குப் போடும் சாயம்தான் என்றார். வேறு நாடாக இருந்தால் அந்தப் பதில் ஒன்றுக்கே யாராவது வேலையை விட்டிருப்பார்கள்.

இப்போது மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதில். அது ஆணையமே அச்சிட்ட வாக்காளர் பட்டியலில் இருந்தது.

நான் வாக்களிக்கும் காப்பார் நாடாளுமன்றத் தொகுதியில் 2013இல் வாக்காளர் எண்ணிக்கை 1,44,159. நாட்டிலேயே மிகப் பெரியது. புத்ராஜெயாவில் 15,791. இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர். காப்பாரில் ஒன்பது பேர் சேர்ந்தால் புத்ராஜெயாவில் ஒருவருக்குச் சமம். காப்பாரில் ஜெயித்தது மக்கள் நீதிக் கட்சியின் ஜி. மணிவண்ணன், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரும்பான்மையில். புத்ராஜெயாவில் ஜெயித்தது சற்று முன் சொன்ன தெங்கு அட்னான். அவருக்கு விழுந்த மொத்த வாக்கே 10 ஆயிரத்துக்குள். இதில் மச்சானுக்குச் சுருக்கென்று தைத்த இடம் ஒன்று உண்டு. காப்பாரில் தோற்ற ம.இ.கா. வேட்பாளருக்கு 40 ஆயிரத்துக்கும் மேல் விழுந்திருந்தது. புத்ராஜெயாவில் ஜெயித்தவருக்கு விழுந்ததைப்போல நான்கு மடங்கு வாங்கியும் தோல்வி. தாளில் எழுதிக் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எங்காளுங்க ஓட்டும்தானே தண்ணியில போச்சு" என்றார்.

கிராமத்துக்குக் கொஞ்சம் சலுகை வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் சொல்கிறது. காடும் மலையுமாகப் பரந்து கிடக்கும் தொகுதியில் ஓர் உறுப்பினர் எல்லாரையும் போய்ப் பார்ப்பது சிரமம், அதனால் வாக்காளர் குறைவாக இருக்கலாம். நியாயம்தான். சபா, சரவாக்குக்கு 1963இல் கொடுத்த கூடுதல் இடங்களையும் நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் புத்ராஜெயா எந்தக் காட்டில் இருக்கிறது? அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய நகரம். நடுவில் செயற்கை ஏரி, ஏரிமேல் அழகழகான பாலங்கள். சிலாங்கூருக்குள்ளேயே பார்த்தாலும் அதே 2013இல் வடக்கே சபாக் பெர்ணம் தொகுதியில் 40 ஆயிரம் பேர்கூட இல்லை.

இது ஓர் இரவில் நடந்ததல்ல. 1957 அரசியல் சட்டத்தில் ஒரு தொகுதி சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்று இருந்தது. 1962இல் திருத்தி, கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதிவரை சிறியதாக இருக்கலாம் என்றார்கள். 1973இல் அந்தப் பாதிக் கணக்கையும் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது 13ஆவது அட்டவணையில் 'ஏறத்தாழச் சமம்' என்றொரு வாசகம். எது ஏறத்தாழ என்று யார் முடிவு செய்வது? எல்லை வரைவது தேர்தல் ஆணையம், அந்த வரைவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோவது பிரதமர், ஒப்புதல் கொடுப்பது அந்த எல்லைகளால் ஜெயித்து வந்தவர்கள். பெட்டியைத் தொடவே வேண்டாம். யார் யாரோடு சேர்ந்து எண்ணப்படுகிறார்கள் என்பதைப் பத்து வருடத்துக்கு முன்பே பட்டப்பகலில், அரசிதழில் வெளியிட்டே முடித்துவிடலாம். எதிர்க்கட்சி வாக்கைப் பெரிய தொகுதிகளில் குவித்துவைத்தால், காப்பார் மாதிரி இடங்களில் கூடுதலாக விழும் ஆயிரமாயிரம் வாக்குகள் எங்கும் கணக்கில் வராது. சிலாங்கூரில் 44 வென்றதும் நாட்டில் 89இல் நின்றதும் இரண்டும் உண்மையாக இருக்க முடிந்தது இதனால்தான்.

இதை ஏன் கிளானா ஜெயா மேடையில் சொல்லவில்லை? ஒருசிலர் சொன்னார்கள், கூட்டம் கைதட்டவில்லை. 13ஆவது அட்டவணை என்று ஆரம்பித்தால் வுவுசேலா சத்தத்தில் முழுகிவிடும். விளக்கு அணைந்தது என்றால் ஒரு காட்சி இருக்கிறது, ஒரு வில்லன் இருக்கிறான். பிரச்சினை என்னவென்றால், அப்படிப்பட்ட குற்றச்சாட்டை நிரூபிக்க முடியாமல் போனால் எதிர்த்தரப்புக்கு வேலை சுலபம். 'பார்த்தீர்களா, தோற்ற வயிற்றெரிச்சல்' என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடலாம். அப்படித்தான் தள்ளினார்கள். கூட்டணிக்குள்ளேயே, தீர்ப்பை ஏற்றுக்கொண்டு மனுக்களில் கவனம் செலுத்துவோம் என்றவர்களுக்கும் தெருவைத் தொடர்வோம் என்றவர்களுக்கும் ஜூன் மாதத்துக்குள் உரசல் தெரிந்தது.

அதற்காகத் தெருவே வீண் என்று சொல்ல மாட்டேன். நம் ஆட்களுக்குத் தெருவைக் கற்றுக்கொடுத்த ஆண்டு 2007. நவம்பர் 10 அன்று பெர்சே மஞ்சள் சட்டையில் அரண்மனைக்கு மனு கொண்டுபோனது. இரண்டு வாரத்தில் நவம்பர் 25, இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் பேரணி. பத்துமலை வாசலிலேயே கண்ணீர்ப்புகை. அந்த இரண்டும் இல்லாமல் 2008 மார்ச் 8 தேர்தல் முடிவு இல்லை. ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றிருக்க மாட்டார், ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கை இழந்திருக்காது. 2011இல் அம்பிகா சீனிவாசன் தலைமையில் நடந்த இரண்டாவது பெர்சேயில் ஒரே நாளில் 1,667 பேரைப் பிடித்தார்கள். மஞ்சள் சட்டை போட்டிருப்பதே குற்றம். அதன் பின்னால்தான் தேர்தல் சீர்திருத்தத்துக்கு நாடாளுமன்றத் தேர்வுக்குழு வந்தது, 22 பரிந்துரை கொடுத்தது. 2012இல் மூன்றாவது முறை மெர்டேக்கா சதுக்கத்தை நோக்கி உட்காரப் போனபோது மறுபடி கண்ணீர்ப்புகை. அடுத்த மாதம் அம்பிகா வீட்டு வாசலில் பர்கர் கடை போட்டார்கள். சைவக்காரர் வீட்டு முன்னால் மாட்டிறைச்சி பர்கர். பிறகு முன்னாள் ராணுவத்தினர் சிலர் வந்து வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிமிர்ந்து பின்புறத்தை ஆட்டி 'உடற்பயிற்சி' செய்தார்கள். ஒரு தமிழ்ப் பெண்மணியை மிரட்ட முடியாதவர்கள் எவ்வளவு தூரம் இறங்குவார்கள் என்று நாடே பார்த்தது.

ஹிண்ட்ராஃப் கதை 2013இல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதன் தலைவர் வேதமூர்த்தி உண்ணாவிரதம் இருந்து, தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு நஜீப்போடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நாங்கள் கறுப்புச் சட்டையில் நடந்துகொண்டிருந்தபோது அவர் துணையமைச்சர். 2014 பிப்ரவரியில் வாக்குறுதிகள் நடக்கவில்லை என்று விலகினார். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும். கோபத்தில் எழுத வேண்டாம்.

கறுப்புக் கூட்டங்கள் தேர்தல் முடிவை மாற்றவில்லை. ஆனால் எதிர்பாராத இடத்தில் ஒரு விளைவு. அமைதிப் பேரணிச் சட்டப்படி பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்று கிளானா ஜெயா கூட்டத்துக்காக மக்கள் நீதிக் கட்சியின் நிக் நஸ்மி மீது வழக்கு. முன்னறிவிப்பு இல்லாததைக் குற்றமாக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஜொகூர் கூட்டத்தை நடத்திய இளைஞர் ஆர். யுனேஸ்வரனுக்கோ 2015இல் அதே நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது. 6,000 ரிங்கிட் அபராதம். அவர் 2022இல் சிகாமாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். கடைசியில் 2025 ஜூலையில், வேறொரு வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்றது. பன்னிரண்டு வருடம்.

இன்னொன்று, முகவர் வகுப்புகள். விளக்கு அணைந்த வதந்தியை நம்பியவர்களே அடுத்த தேர்தலுக்கு முகவராகப் பெயர் கொடுத்தார்கள். 2018 மே 9 அன்று, அதுவும் ஒரு புதன்கிழமையில் வாக்களிப்பு வைத்தபோது, பள்ளிக்கூடங்களில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சில அறைகளில் போராங் 14இல் கையெழுத்துப் போட அதிகாரிகள் தாமதித்தபோது, வாங்காமல் நகர மாட்டோம் என்று வாசலில் உட்கார்ந்தார்கள். தேசிய முன்னணி 79 இடத்துக்கு இறங்கியது. அந்தத் தேர்தலுக்கு ஆறே வாரம் முன்புதான் 129க்கு 80 என்று புதிய எல்லைகளை நிறைவேற்றியிருந்தார்கள். வரைந்தவர்களே அதில் தோற்றுப்போனதால், எல்லைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நண்பர்கள் பலர் நினைத்துவிட்டார்கள்.

தீரவில்லை. புதிய அரசு வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது, தானாகப் பதிவாகும் முறையைக் கொண்டுவந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் எல்லைகள் அப்படியே இருக்க, வாக்காளர்கள் மட்டும் பெருகினார்கள். 2022 தேர்தலில் பாங்கி தொகுதியில் 3,03,430 பேர். மிகப் பெரிய தொகுதி என்ற காப்பாரின் பட்டம் அதற்கு முன்பே பறிபோயிருந்தது. அதே சிலாங்கூரில் சபாக் பெர்ணமில் 50 ஆயிரம் சொச்சம். அந்தத் தேர்தலுக்குப் பின் அன்வார் பிரதமர் ஆனார். கூட்டணியில் தேசிய முன்னணியும் இருக்கிறது. 2013இல் எதிரெதிரே நின்றவர்கள் இப்போது ஒரே வரிசையில் உட்கார்ந்து, தொகுதி எல்லைகளைப் பற்றிக் கேட்டால் ஒரே மாதிரி பேச்சை மாற்றுகிறார்கள். ஆட்சிக்கு வந்தபின் யாருக்குமே இந்த ஏற்றத்தாழ்வு முன்பு உறுத்தியது போல உறுத்துவதில்லை.

அரசியல் சட்டப்படி ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 8 வருட இடைவெளி. கடைசியாக முடிந்தது 2018 மார்ச். அப்படியானால் தீபகற்பத்துக்கு 2026 மார்ச்சுடன் அந்த இடைவெளி நிறைகிறது. எல்லையை நகர்த்த நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் போதும். புதிய இடங்களைச் சேர்க்க வேண்டுமானால்தான் மூன்றில் இரண்டு, அதாவது 148 பேர்.

கட்சிக்காரர்களுக்குத் தெரிந்து, நமக்குத் தெரியாத ஒரு வழி இதே 13ஆவது அட்டவணையில் இருக்கிறது. ஆணையம் வரைவை வெளியிட்டதும், அந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள 100 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஆட்சேபம் கொடுத்தால், உள்ளூரில் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். மாநில அரசு கொடுக்கலாம், ஊராட்சி மன்றமும் கொடுக்கலாம், சும்மா நூறு பேரும் கொடுக்கலாம். அரங்கம் வேண்டாம், வுவுசேலா வேண்டாம். பெயர், ஐ.சி. எண், முகவரி, கையெழுத்து போதும்.

ஆனால் அறிவிப்பு வந்தபின் ஒரு மாதம்தான் அவகாசம், அதற்குள் ஆள் தேடினால் முடியாது. அதனால் நாங்கள் சிலர் இப்போதே காப்பாருக்குப் பெயர் சேர்க்கிறோம். கட்சி பார்க்கவில்லை. மேரு, செமெந்தா, காப்பார் பட்டணம் பக்கம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். வேறு ஊரில் வீடு வாங்கிப் போனவர்கள், உங்கள் பதிவு இன்னும் இங்கேதான் இருக்கிறதா என்று ஆணையத்தின் தளத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கையெழுத்து செல்லாது.